படிகப் பாலிபுரொப்பிலீன் காப்புரிமை வழக்கு (1953–1983)

படிகப் பாலிபுரொப்பிலீன் காப்புரிமை வழக்கு என்பது திண்மப் படிகத்தன்மை கொண்ட பாலிபுரொப்பிலீனை முதலில் உருவாக்கியவர் யார் என்பதை முடிவு செய்ய அமெரிக்காவில் நடந்த நீண்ட சட்டப் போராட்டம் ஆகும். 1958ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் இதை முறைப்படி தொடங்கியது. ஐந்து பெரிய வேதியியல் நிறுவனங்கள் இதில் மோதின. 1971இல் ஒரு நிறுவனம் வென்றது. 1980இல் நீதிமன்றம் அந்த வெற்றியைப் பறித்து வேறொரு நிறுவனத்துக்கு அளித்தது. வென்ற நிறுவனத்தின் கையில் காப்புரிமை வந்து சேர்ந்தது 1983 மார்ச் 15 அன்று. அதற்கான முதல் விண்ணப்பம் 1953 சனவரி 27 அன்று கொடுக்கப்பட்டிருந்தது. இடையில் முப்பது ஆண்டுகள் கழிந்தன. அதே பொருளைச் செய்து நோபல் பரிசு பெற்ற அறிஞர் அதற்குள் இறந்தும் போயிருந்தார்.

வேதியியல் வரலாற்றில் இவ்வழக்குக்குத் தனி இடம் உண்டு. ஒரு சேர்மத்தை "முதலில் செய்தவர்" என்று ஒருவரைச் சொல்வதற்கு என்னென்ன சான்றுகள் வேண்டும், சட்டம் கேட்கும் சான்றும் அறிவியலாளர் கேட்கும் சான்றும் எங்கே வேறுபடுகின்றன என்பதை இதைப் போல விளக்கும் வழக்குகள் குறைவு.

சர்ச்சைக்குரிய பொருள்

புரொப்பிலீன் என்பது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் கிடைக்கும் ஒரு வாயு. மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட அதன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாக்கினால் பாலிபுரொப்பிலீன் கிடைக்கும். இன்று அரிசி மூட்டைகளுக்கான நெய்த சாக்கு, கயிறு, உணவு டப்பா, மருத்துவமனை ஊசிக்குழல், வார்ப்பு நாற்காலி எனப் பல பொருள்கள் இதனால் செய்யப்படுகின்றன. பொருளின் அடியில் முக்கோணக் குறிக்குள் 5 என்ற எண் இருந்தால் அது பாலிபுரொப்பிலீன்.

1950க்கு முன் இந்த வாயுவைச் சங்கிலியாக்க முயன்றவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் எண்ணெய் போன்ற நீர்மங்களும் பிசுபிசுப்பான பொருள்களுமே. காரணம் சங்கிலியின் அமைப்பில் இருந்தது. ஒவ்வொரு புரொப்பிலீன் அலகிலும் பக்கவாட்டில் ஒரு மெத்தில் தொகுதி தொங்குகிறது. இத்தொகுதிகள் சங்கிலியின் இரு பக்கமும் தாறுமாறாக அமைந்தால் சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்க முடியாது. பொருள் மெழுகாகவோ பசையாகவோ இருக்கும். எல்லாத் தொகுதிகளும் ஒரே பக்கமாக அமைந்தால் சங்கிலி ஒழுங்கான திருகுச் சுருளாகச் சுற்றிக்கொள்ளும். அத்தகைய சுருள்கள் அருகருகே அடுக்கிப் படிகமாகும். அப்போதுதான் சுமார் 165 பாகை செல்சியசு வரை உருகாத, வலுவான திண்மப் பொருள் கிடைக்கிறது.

ஆகவே வழக்கில் கேள்வி "புரொப்பிலீனை யார் முதலில் சங்கிலியாக்கினார்" என்பதன்று. புரொப்பிலீன் அலகுகளால் ஆனதும், சாதாரண நிலையில் திண்மமாக இருப்பதும், கணிசமான படிகப் பகுதி கொண்டதுமான பாலிபுரொப்பிலீனை யார் முதலில் செய்தார் என்பதே கேள்வி. "கணிசமான படிகப் பகுதி" என்ற அந்த ஒரு தொடரைச் சுற்றியே வழக்கின் பெரும்பகுதி சுழன்றது.

அன்றைய அமெரிக்கச் சட்டம்

உலகின் பெரும்பாலான நாடுகளில் முதலில் விண்ணப்பித்தவருக்கே காப்புரிமை. அமெரிக்காவில் 2013 மார்ச் வரை வேறு முறை இருந்தது. அங்கு முதலில் கண்டுபிடித்தவருக்கே உரிமை. விண்ணப்பத் தேதியில் பிந்தியவர்கூடத் தாமே முந்திக் கண்டுபிடித்ததாக மெய்ப்பித்தால் வெல்லலாம். ஒரே பொருளுக்கு இருவர் விண்ணப்பித்தால் அலுவலகமே ஒரு முன்னுரிமை விசாரணையைத் தொடங்கும். இரு தரப்பும் தத்தம் ஆய்வகக் குறிப்பேடுகளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்க வேண்டும்.

அவ்விசாரணையில் இரண்டு கட்டங்கள் பார்க்கப்படும். முதலாவது கருத்துருவாக்கம்: பொருள் இன்னது, அதைச் செய்யும் வழி இன்னது என்று கண்டுபிடிப்பாளரின் மனத்தில் முழுமையாக உருப்பெற்ற நாள். இரண்டாவது செயலாக்கம்: அதை உண்மையில் செய்து, அது கருதிய பயனுக்கு உதவும் என்று கண்ட நாள். செய்து காட்டாவிட்டாலும், செய்முறையைப் போதிய அளவு விவரித்து விண்ணப்பம் கொடுத்த நாளே சட்டத்தின் பார்வையில் செயலாக்க நாளாகக் கொள்ளப்படும். வேதியியலில் பல நேரங்களில் இவ்விரு கட்டங்களும் ஒரே நாளில் நிகழ்கின்றன. குடுவையில் என்ன விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத துறை இது. விழுந்ததைப் பார்த்த பிறகுதான் கருத்தே உருவாகும்.

இந்தத் தேதிகளை நிறுவுவது எளிதன்று. கண்டுபிடிப்பாளரின் சொந்தச் சாட்சியம் மட்டும் போதாது. கண்டுபிடிப்பில் பங்கு கேட்காத வேறொருவர் அதை உறுதிப்படுத்த வேண்டும். பெரிய நிறுவனங்களின் ஆய்வகங்களில் குறிப்பேடுகளைத் தைத்துக் கட்டி, பக்க எண் இட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் எழுதியவரும் படித்துப் புரிந்துகொண்ட சாட்சியும் தேதியுடன் கையொப்பமிடும் வழக்கம் இதனால்தான் வேரூன்றியது. ஒரு தாளைக் கிழித்தாலும் ஒரு வரியை வெள்ளை மை பூசி மறைத்தாலும் எதிர்த் தரப்பு வழக்கறிஞருக்கு அது விருந்து. குறிப்பேட்டுடன் நிறமாலைப் பதிவுகள், பகுப்பாய்வுப் பிரிவுக்கு மாதிரி அனுப்பிய சீட்டு, புட்டியில் எஞ்சியிருக்கும் மாதிரி ஆகியவையும் சான்றாகும்.

இதற்கு மேலும் மூன்று நிபந்தனைகள் உண்டு. மூன்றுமே இவ்வழக்கில் யாரையாவது வீழ்த்தியவை அல்லது அச்சுறுத்தியவை.

செய்தவர் தாம் செய்ததை அப்போதே உணர்ந்திருக்க வேண்டும். தற்செயலாகக் குடுவையில் ஒரு புதுப்பொருள் உருவாகி, அதை யாரும் கவனிக்காமல் கொட்டிவிட்டால் அது கண்டுபிடிப்பு ஆகாது. பல ஆண்டுகள் கழித்துப் பழைய புட்டியை எடுத்துச் சோதித்து, "பாருங்கள், அன்றே இது இருந்தது" என்று சொல்வது செல்லாது. 1974இல் ஆம்பிசிலின் மருந்தின் ஒரு நிலைத்த வடிவம் பற்றிய வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கண்டுபிடிப்பாளர் கோரிக்கை வாசகத்தில் உள்ள அதே சொற்களில் சிந்தித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தம் முன் இருப்பது புதிய வடிவம் என்பதையாவது அறிந்திருக்க வேண்டும்.

பொருளுக்கு ஒரு பயன் இருக்க வேண்டும். ஒரு ஸ்டீராய்டு தயாரிப்பு முறை தொடர்பாக மேன்சன் என்ற வேதியியலாளர் முன்னுரிமை கேட்ட வழக்கில், 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. விளையும் பொருளால் என்ன பயன் என்று காட்டாதவருக்கு அதைச் செய்யும் முறைக்கும் காப்புரிமை இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

மூன்றாவது நிபந்தனை வெளிநாட்டவருக்கு மட்டும் கசந்தது. அமெரிக்காவுக்கு வெளியே நடந்த ஆய்வைக் காட்டிக் கண்டுபிடிப்புத் தேதியை நிறுவ அன்றைய சட்டம் இடம் தரவில்லை. வெளிநாட்டவர் தம் நாட்டில் முறைப்படி விண்ணப்பித்த தேதியை மட்டும், ஓராண்டுக்குள் அமெரிக்காவிலும் விண்ணப்பித்திருந்தால், பயன்படுத்திக்கொள்ளலாம். அமெரிக்கரின் குறிப்பேடு பேசும். இத்தாலியரின் குறிப்பேடு வாய் மூடி இருக்க வேண்டும். இந்தப் பாகுபாடு 1990களில்தான் வணிக உடன்படிக்கைகளின் விளைவாக நீக்கப்பட்டது.

பார்ட்லெஸ்வில், 1951

ஒக்லகோமா மாநிலத்தின் பார்ட்லெஸ்வில் நகரில் பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனத்தின் ஆய்வகம் இருந்தது. பால் ஹோகன், இராபர்ட் பேங்க்ஸ் என்ற இரு வேதியியலாளர்களுக்கு அங்கே ஒதுக்கப்பட்ட பணி பிளாஸ்டிக் தொடர்பானதே அன்று. சுத்திகரிப்பின் உடன்விளைவுகளான எத்திலீனையும் புரொப்பிலீனையும் பெட்ரோலில் கலக்கத்தக்க நீர்மங்களாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

நிக்கல் ஆக்சைடு அப்பணியைச் செய்யக்கூடிய வினையூக்கி என்பது அவர்களுக்குத் தெரியும். அதனுடன் சிறிது குரோமியம் ஆக்சைடு சேர்த்தால் என்ன ஆகும் என்று பார்க்க விரும்பினர். 1951 சூனில் வினையூக்கி அடைத்த குழாய் வழியாகப் புரொப்பிலீனைப் புரொப்பேன் வாயுவுடன் சேர்த்துச் செலுத்தினர். எதிர்பார்த்த நீர்மம் வந்தது. அதைத் தந்தது நிக்கல். ஆனால் கூடவே யாரும் எதிர்பாராத ஒரு வெண்ணிறத் திண்மமும் வந்தது. அது குரோமியத்தின் வேலை என்பதை இருவரும் விரைவில் கண்டுகொண்டனர். நிக்கலை நீக்கிவிட்டுச் சிலிக்கா–அலுமினா மீது குரோமியம் ஆக்சைடு மட்டும் ஏற்றிச் சோதனையைத் தொடர்ந்தனர்.

பெட்ரோல் தேடியவர்கள் பிசின் அடைத்துக்கொண்ட குழாயைக் கண்டு எரிச்சலுற்று, அதைக் கழுவிவிட்டு மறு சோதனைக்குப் போயிருக்கலாம். அக்காலத்தில் எத்தனையோ ஆய்வகங்களில் அப்படித்தான் நடந்திருக்கும். இவர்கள் திண்மத்தின் பக்கம் திரும்பினார்கள். பிற்காலத்தில் வழக்கறிஞர்கள் "உணர்ந்திருத்தல்" என்று பெயரிட்டு வாதாடியதன் வித்து இந்தத் திரும்பலில்தான் இருக்கிறது.

அதே வினையூக்கியில் எத்திலீனைச் செலுத்தியபோது கிடைத்த அடர்த்தி மிகு பாலிஎத்திலீன் வணிக அளவில் பெரிய பரிசாக அமைந்தது. மார்லெக்ஸ் என்ற பெயரில் 1954இல் பிலிப்ஸ் அதை அறிமுகப்படுத்தியது. முதல் உற்பத்தியில் தரம் சீராக இல்லாததால் சரக்குக் கிடங்கில் தேங்கியது. 1958இல் அமெரிக்காவைப் பித்துப்பிடிக்கச் செய்த ஹூலா ஹூப் என்ற இடுப்பு வளைய விளையாட்டுச் சாமான்தான் தேங்கிய சரக்கை விழுங்கி நிறுவனத்தைக் காத்தது. பாலிஎத்திலீனில் கவனம் முழுவதும் போனதால் பாலிபுரொப்பிலீன் பின்னுக்குத் தள்ளப்பட்டது. எனினும் 1953 சனவரி 27 அன்று பிலிப்ஸ் கொடுத்த விண்ணப்பத்தில் அதுவும் இடம்பெற்றிருந்தது. அந்த ஒரு செயலே முப்பது ஆண்டுகள் கழித்து நிறுவனத்தைக் காப்பாற்றியது.

மிலான், 1954

இதே காலத்தில் செருமனியின் மியூல்ஹைம் நகரில் கார்ல் சீக்ளர் அலுமினியக் கரிமச் சேர்மங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1953இன் பிற்பகுதியில், டைட்டானியம் டெட்ராகுளோரைடும் அலுமினிய அல்க்கைலும் கலந்த வினையூக்கி எத்திலீனைச் சாதாரண அழுத்தத்திலேயே நீண்ட சங்கிலியாக்குவதை அவர் குழு கண்டது. சீக்ளருடன் இத்தாலியின் மோன்டெகாட்டினி நிறுவனம் முன்பே ஒப்பந்தம் செய்திருந்தது. அந்நிறுவனத்தின் ஆலோசகரும் மிலான் பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியருமான ஜூலியோ நாட்டாவுக்கு இச்செய்தி உடனே எட்டியது.

நாட்டா அவ்வினையூக்கியைப் புரொப்பிலீனுக்குப் பயன்படுத்தினார். 1954 மார்ச் 11 அன்று பாலிபுரொப்பிலீன் செய்யப்பட்டதாக அவரது நாட்குறிப்பில் பதிவு உள்ளது. கிடைத்தது ஒரு கலவை. அசிட்டோன், ஈதர், ஹெப்டேன் எனக் கரைப்பான்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தி அதைக் கழுவியபோது பிசுபிசுப்பான பகுதிகள் கரைந்து போயின. கொதிக்கும் ஹெப்டேனிலும் கரையாத வெண் தூள் எஞ்சியது. அத்தூளின் எக்ஸ் கதிர்ப் படங்கள் அது படிகம் என்று காட்டின. சங்கிலி திருகுச் சுருளாக அமைந்திருப்பதும், மூன்று அலகுகளுக்கு ஒரு சுற்று நிறைவதும் கணக்கிடப்பட்டன. மெத்தில் தொகுதிகள் ஒரே பக்கமாக அமையும் இவ்வொழுங்குக்கு "ஐசோடாக்டிக்" என்ற பெயரைத் தந்தவர் நாட்டாவின் மனைவி ரொசீட்டா பேயாட்டி. அவர் இலக்கியம் கற்றவர், கிரேக்கச் சொற்களிலிருந்து அதை உருவாக்கினார்.

1954 சூன் 8 அன்று இத்தாலியில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. சீக்ளர் தரப்பு தானே புரொப்பிலீனைச் சங்கிலியாக்கிச் செருமனியில் விண்ணப்பித்தது ஆகஸ்ட் 3 அன்று. எட்டு வார இடைவெளி. தம் வினையூக்கியைக் கொண்டு நண்பர் முந்திவிட்டதைச் சீக்ளர் எளிதில் மறக்கவில்லை. இருவரும் 1963இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நாட்டா செய்தது ஒரு பொருளை மட்டுமன்று. அது ஏன் அப்படி இருக்கிறது என்பதையும் அவர் விளக்கினார். மோன்டெகாட்டினி 1957இல் பெர்ராரா நகரில் அதைத் தொழிலளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. மோப்லென் என்ற வணிகப் பெயரில் இத்தாலிய வீடுகளின் சமையலறைகளில் அது புகுந்தது.

மற்ற மூவர்

இண்டியானா ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் அலெக்ஸ் சிலெட்ஸ் மாலிப்டினம் ஆக்சைடு வினையூக்கியைக் கொண்டு ஆய்வு செய்திருந்தார். அந்நிறுவனம் தன் ஆய்வு 1950ஐச் சேர்ந்தது என்றது. அதாவது பார்ட்லெஸ்வில் சோதனைக்கும் முந்தியது. அதன் விண்ணப்பமோ 1954 அக்டோபரில்தான் கொடுக்கப்பட்டது. டூபாண்ட் நிறுவனத்தின் விண்ணப்பம் 1954 ஆகஸ்ட் 19 தேதியிட்டது. ஹெர்குலிஸ் நிறுவனத்தின் எட்வின் வான்டன்பெர்க் சார்பில் 1955 ஏப்ரலில் விண்ணப்பம் கொடுக்கப்பட்டது.

ஐந்து குழுக்கள், ஏறத்தாழ ஐந்தே ஆண்டுகள், ஒரே பொருள். அறிவியல் வரலாற்றில் இத்தகைய உடன்நிகழ்வுகள் வியப்பல்ல. மலிவான புரொப்பிலீன் எல்லார் ஆலையிலும் கிடந்தது; உலோக ஆக்சைடு வினையூக்கிகளும் எல்லாருக்கும் தெரிந்தவை.

வாரியத்தின் முன் (1958–1971)

1958 செப்டம்பரில் காப்புரிமை அலுவலகம் ஐந்து தரப்பையும் இணைத்து முன்னுரிமை விசாரணையை அறிவித்தது. ஹெர்குலிஸ் இடையிலேயே விலகியது, நால்வர் எஞ்சினர்.

தரப்புகளின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். மோன்டெகாட்டினியின் கையில் எல்லாவற்றையும் விடத் தெளிவான அறிவியல் சான்று இருந்தது: கரைப்பான் பிரிப்பு, எக்ஸ் கதிர்ப் படம், கட்டமைப்பு விளக்கம். ஆனால் அது மிலானில் நடந்தது. 1954 மார்ச் 11 நாட்குறிப்பு அமெரிக்கச் சட்டத்தின் முன் வெறும் காகிதம். சூன் 8 விண்ணப்பத் தேதியைத்தான் அந்நிறுவனம் ஊன்றிக்கொள்ள முடிந்தது. ஸ்டாண்டர்டு ஆயிலின் கதை தலைகீழ்: அமெரிக்க மண்ணில் நடந்த முந்தைய ஆய்வு அதனிடம் இருந்தது, செய்த காலத்திலேயே அதைப் படிகப் பாலிபுரொப்பிலீன் என்று உணர்ந்ததை ஐயமற நிறுவுவதுதான் கடினம். பிலிப்ஸ் இவ்விரண்டுக்கும் நடுவே நின்றது. அதன் குரோமிய வினையூக்கி தந்த பொருளில் படிகப் பகுதியும் படிகமற்ற பகுதியும் கலந்திருந்தன. மூலக்கூறு எடையும் பிற்கால வணிகப் பொருளோடு ஒப்பிட்டால் குறைவு. 1953 விண்ணப்பம் இந்தப் பொருளை, அதன் பயனுடன், போதிய அளவு விவரித்ததா? எல்லாம் அதற்கான விடையைப் பொறுத்திருந்தது.

சாட்சியங்களுக்கும் எழுத்துவாதங்களுக்குமே பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. இதற்கிடையில் மோன்டெகாட்டினியே எடிசன் நிறுவனத்துடன் 1966இல் இணைந்து மோன்டெடிசன் ஆகிவிட்டது. 1971 நவம்பர் 29 அன்று முன்னுரிமை வாரியம் தீர்ப்பளித்தது. பிலிப்சுக்கு 1953 தேதியின் பலன் அளிக்கப்படவில்லை. ஏற்கப்பட்ட தேதிகளில் முந்தியது இத்தாலிய விண்ணப்பத்தின் தேதியே என்பதால் மோன்டெடிசன் வென்றது. 1973இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் வழங்கப்பட்டது.

டெலவேர் தீர்ப்பு (1980)

தோற்ற மூவரும் டெலவேர் மாவட்டக் கூட்டரசு நீதிமன்றத்துக்குச் சென்றனர். வாரியத்தின் முடிவை எதிர்த்து இப்படிப் புது வழக்கே தொடுத்து, புதுச் சாட்சியமும் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. நீதிபதி கேலப் ரைட் வேதியியலின் நுணுக்கங்களுக்குள் இறங்கி ஆராய்ந்து 1980இல் தீர்ப்பு வழங்கினார்.

அவருடைய முடிவு பிலிப்சுக்குச் சாதகமாக அமைந்தது. 1953 சனவரி 27 விண்ணப்பம் கோரிக்கை வாசகத்தில் உள்ள பொருளைப் போதிய அளவு வெளிப்படுத்தியது; எனவே அத்தேதியே பிலிப்சின் செயலாக்கத் தேதி. அதற்கு முந்திய தேதியை ஸ்டாண்டர்டு ஆயில் தேவையான சான்றுகளுடன் நிறுவவில்லை. டூபாண்டும் மோன்டெடிசனும் எப்படிக் கணக்கிட்டாலும் 1953ஐத் தாண்டி முன்னே போக முடியாது. மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1981இல் இத்தீர்ப்பை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பிலிப்சை வெல்ல வைத்தது 1951 சோதனையின் வெண் தூள் அன்று. 1953இல் எழுதிக் கொடுத்த காகிதம். கண்டுபிடித்தவரைத் தேடும் சட்டம் என்று பெயர் இருந்தாலும், இறுதியில் தேதி முத்திரை குத்திய ஒரு விண்ணப்பமே எல்லாக் குறிப்பேடுகளையும் விட உறுதியான சான்றாக நின்றது. குறிப்பேட்டில் எழுதப்பட்டதைப் பற்றிப் பல ஆண்டுகள் வாதாடலாம். அரசு அலுவலகத்தின் முத்திரையைப் பற்றி வாதாட முடியாது.

ஹோகனும் பேங்க்சும் ஐசோடாக்டிக் என்ற சொல்லையோ திருகுச் சுருளையோ 1953இல் அறிந்தவர்கள் அல்லர். அவர்கள் பொருளைச் செய்தார்கள். செய்முறையையும் பண்புகளையும் எழுதினார்கள். ஒழுங்கமைப்பின் காரணத்தை விளக்கியவர் நாட்டா. சட்டம் பொருளைக் கேட்டது; காரணத்தைக் கேட்கவில்லை. ஆகவே நோபல் குழுவும் டெலவேர் நீதிமன்றமும் ஒன்றை ஒன்று மறுத்தன என்று சொல்வது சரியன்று. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொன்னவை. ஆனாலும், தம் நாட்குறிப்பைச் சான்றாக வைக்கக்கூட உரிமை இல்லாத ஒரு விசாரணையில் நாட்டாவின் தரப்பு நின்றது என்பது நெருடலாகவே உள்ளது. இவ்வழக்கின் முடிவை அது மாற்றியிருக்காது, மார்ச் 1954 எப்படியும் சனவரி 1953க்குப் பிந்தியதே. ஆனால் வேறு பல வழக்குகளில் அதே விதி முடிவையே மாற்றியிருக்கக்கூடும்.

தீர்ப்பு வந்தபோது நாட்டா உயிரோடு இல்லை. அவர் 1979 மே மாதம் காலமானார். சீக்ளர் 1973இலேயே மறைந்துவிட்டார்.

காப்புரிமைக்குப் பின்

1983 மார்ச் 15 அன்று 4,376,851 என்ற எண்ணுடைய காப்புரிமை ஹோகன், பேங்க்ஸ் பெயரில் பிலிப்சுக்கு வழங்கப்பட்டது. அன்றைய சட்டப்படி காப்புரிமையின் ஆயுள் வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகள். விண்ணப்பித்து முப்பது ஆண்டுகளில் உலகெங்கும் பாலிபுரொப்பிலீன் ஆலைகள் எழும்பிவிட்டன. 1953இலேயே உரிமை கிடைத்திருந்தால் 1970 வாக்கில், சந்தை சிறிதாக இருந்தபோதே, அது காலாவதி ஆகியிருக்கும். தாமதத்தால் 2000 வரை நீண்டது. அதுவும் ஒரு குறிப்பிட்ட தயாரிப்பு முறைக்கான உரிமை அன்று; பொருளுக்கே ஆன உரிமை. சீக்ளர்–நாட்டா வினையூக்கியைக் கொண்டு செய்தாலும் அமெரிக்காவில் படிகப் பாலிபுரொப்பிலீன் செய்பவர் பிலிப்சுக்கு உரிமத்தொகை தர வேண்டிய நிலை. வழக்கு இழுத்தடித்ததால் தோற்றவர் மட்டுமல்ல, வழக்கில் இல்லாதவர்களும் விலை கொடுத்தார்கள். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் என்று அமெரிக்கா தன் கணக்கை 1995இல் மாற்றிக்கொண்டதற்கு இத்தகைய நெடுங்காலத் தாமதங்களே பின்னணி.

காப்புரிமையை எதிர்த்தவர்களும் இருந்தனர். யு.எஸ். ஸ்டீல் நிறுவனம், தான் விற்கும் பாலிபுரொப்பிலீனின் மூலக்கூறு எடை 1953 விண்ணப்பத்தில் சொன்னதை விட மிக அதிகம். அந்த விண்ணப்பத்தைப் படித்து யாரும் இதைச் செய்திருக்க முடியாது என்று வாதாடியது. 1989இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பின்னால் வந்த மேம்பட்ட வடிவங்களைத் தொடக்க விண்ணப்பம் முன்கூட்டி விவரிக்க வேண்டிய தேவையில்லை என்ற போக்கில் தீர்ப்பு அமைந்தது.

சீக்ளரின் பங்கு 1993இல் மீண்டும் நீதிமன்றம் ஏறியது. அவரது 1954 ஆகஸ்ட் 3 செருமானிய விண்ணப்பத் தேதியை அடிப்படையாகக் கொண்டு பாலிபுரொப்பிலீனுக்கு உரிமை கேட்கப்பட்டது. அவ்விண்ணப்பம் சொன்னது, பொருள் பிளாஸ்டிக் போன்றது, அழுத்தினால் வளையும் படலமாகும் என்பது வரைதான். அப்படலத்தால் என்ன பயன் என்று சொல்லவில்லை. பயன் நிபந்தனை நிறைவேறவில்லை என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. நவீன பிளாஸ்டிக் தொழிலுக்கே வழி திறந்த ஒரு ஆய்வாளரின் விண்ணப்பம், பிளாஸ்டிக்கால் பயன் உண்டு என்று எழுதாததால் தோற்றது.

ஹோகனுக்கும் பேங்க்சுக்கும் 1987இல் பெர்கின் பதக்கம் வழங்கப்பட்டது. பேங்க்ஸ் 1989இல் மறைந்தார். ஹோகன் 2012 வரை வாழ்ந்தார். 1999இல் அமெரிக்க வேதியியல் சங்கம் அவர்கள் கண்டுபிடிப்பை நினைவுகூர்ந்து பார்ட்லெஸ்வில்லில் தேசிய வேதியியல் வரலாற்றுச் சின்னத்தை நிறுவியது. அவர்களின் குரோமிய வினையூக்கி அடர்த்தி மிகு பாலிஎத்திலீன் உற்பத்தியில் இன்றும் ஓடுகிறது. காப்புரிமையை வென்று தந்த படிகப் பாலிபுரொப்பிலீனைத் தொழிலளவில் செய்ய மட்டும் அது பயன்படவில்லை. அப்பணியைச் செய்தவை மியூல்ஹைமிலும் மிலானிலும் பிறந்த வினையூக்கிகளின் வழித்தோன்றல்களே.